டிசைனுக்குத் தனிக் காசு

ஸ்கார்பரோ, டொராண்டோ
ஆகஸ்ட் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முதுகுவலி பற்றி அம்மா சொன்னாள். பிரஸ்ஸில் கட்டிங் மெஷின் பக்கம் நாள் முழுக்க நிற்காதீர்கள், பையன்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆடிப்பெருக்குக்கு காலண்டர் ஆல்பம் போட்டாகிவிட்டது, ஆர்டர் சுமார்தான் என்றும் சொன்னாள்.

போன தடவை கேட்டீர்களே, "அச்சும் அடிக்காமல், பேப்பரும் விற்காமல், வெறும் டிசைனுக்கு எவன்டா காசு கொடுக்கிறான்?" என்று. போனில் பதில் சொன்னால் சிரித்துவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

சிவகாசியில் கஸ்டமர் ஆல்பத்தைப் புரட்டி, "இந்த முருகனைப் போடுங்க, கீழே கடைப் பேரு" என்பார். டிசைன் காசு அச்சுக்கூலியோடு போய்விடும். இங்கே கோடு போடுமுன்பே விலை பேசி, பாதி அட்வான்ஸ் வாங்கிவிட வேண்டும். இரண்டு திருத்தம் வரை சும்மா. மூன்றாவதுக்குத் தனிக் கணக்கு. "முதல்ல ரெண்டு மாடல் போட்டுக் காட்டுங்க, பிடிச்சா பார்ப்போம்" என்பவர்கள் இங்கேயும் உண்டு, நம்மவர்களில் கொஞ்சம் அதிகம். ஒன்டாரியோவில் கிராஃபிக் டிசைனர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. பதிவு பெற்ற கிராஃபிக் டிசைனர் என்று போட்டுக்கொள்ளும் உரிமையை 1996-லேயே மாகாணச் சட்டம் கொடுத்திருக்கிறது. காசில்லாமல் மாதிரி போட்டுக் காட்டக் கூடாது என்பது அவர்கள் விதி. நான் இன்னும் உறுப்பினர் இல்லை, ஆனாலும் அந்த விதியை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

அப்படியானால் எதைக் காட்டி வேலை வாங்குவது? போன வாரம் ஓர் ஊறுகாய்க் கம்பெனிக்குப் போனேன். முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். லேபிள் முழுக்க மாங்காய் வேண்டும் என்றார். நான் லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. அவருடைய பாட்டிலையே எடுத்து, பையிலிருந்த கறுப்பு வெள்ளை ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினேன். உப்பு, சர்க்கரை, நிறைவுற்ற கொழுப்பு அளவுக்கு மேல் இருந்தால் முன்பக்கத்தில் பூதக்கண்ணாடிக் குறி போட வேண்டும் என்பது 2026 ஜனவரி 1 முதல் கனடாவில் கட்டாயம். உயரவாக்கு லேபிள் என்றால் அது மேல்பாதியில் வர வேண்டும். ஊறுகாயில் உப்புக்குக் கேட்கவா வேண்டும்! ஸ்டிக்கர் நேராக மாங்காயின் மூஞ்சியில் உட்கார்ந்தது. பொருளின் பெயரும் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிலும் வர வேண்டும். அவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப தமிழ் எங்கை வரும் தம்பி?"

"அந்த இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் ஐயா காசு கேட்கிறேன்" என்றேன். சாயங்காலமே அட்வான்ஸ் வந்துவிட்டது.

எல்லாரும் இவரைப் போல் இல்லை. ஒரு ரெஸ்டாரண்ட்காரர் மெனு கார்டுக்கான பாக்கியை இன்னும் இழுத்தடிக்கிறார். வருமானம் 30,000 டாலரைத் தாண்டினால் நம் ஜிஎஸ்டி மாதிரி 13 சதவீத வரிக்குப் பதிவு செய்ய வேண்டும். அந்தத் தொல்லை எனக்கு இன்னும் வரவில்லை, வந்தால் சந்தோஷம்தான்! பேனர் கடை வேலையையும் விடவில்லை, அம்மாவிடம் சொல்லுங்கள்.

இங்கே ஓடும் கனடியன் நேஷனல் கம்பெனியின் சரக்கு ரயில்களில் சி, என் என்ற இரண்டு எழுத்தையும் ஒரே கோடாக வளைத்துப் போட்டிருப்பார்கள். டிசைனர் ஆலன் ஃப்ளெமிங் செய்தது, 1960-ல் வந்தது, இன்று வரை அதுவேதான் ஓடுகிறது. அதற்கு அச்சுக்கூலிக் கணக்கில் நீங்கள் என்ன விலை போடுவீர்கள்?

அப்புறம் ஒரு வேலை. ஊறுகாய்க்காரர் லேபிளைச் சிவகாசியில் அடித்தால் என்ன ஆகும் என்று கேட்கிறார். ஃபோர் கலர், பளபளப்பு லேமினேஷன், 10,000 லேபிள், கப்பலில் வந்தாலும் சரி. கொட்டேஷன் அனுப்புங்கள். பழக்கத்தில் கீழே "டிசைன் இலவசம்" என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். அதை நான் ஏற்கெனவே விற்றுவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் மகன்