எழுத்து ஐக்கியத்தை நடத்தப்போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

சபைப் பெண்கள் தாங்கள் எழுதியதைக் கூடிப் பேசும் சகோதரிகள் எழுத்து ஐக்கியத்தின் பொறுப்பு உன் கைக்கு வந்திருப்பதாக எழுதியிருந்தாய். வாழ்த்தை நேரில் சொல்கிறேன். இப்போது வேலையைப் பேசுவோம்.

முதலில் ஆள்கணக்கு. இரண்டு மணி நேரக் கூடுகையில் மூன்று படைப்புகளுக்குமேல் ஒழுங்காகப் பேச முடியாது. ஒன்றுக்கு 25 நிமிடம் வேண்டும். மாதம் ஒருமுறை கூடும் ஐக்கியத்தில் 9 பேர் இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருதடவை ஒருத்தியின் முறை வரும். 18 பேர் என்றால் அரை வருஷம் காத்திருக்க வேண்டும், அதற்குள் எழுதுகிற ஆசையே வற்றிப்போகும். காலைமுதல் மாலைவரை தனியாக உட்கார்ந்து நியாயம் விசாரித்த மோசேக்கு மாமன் எத்திரோ சொன்ன யோசனை வேதத்தில் யாத்திராகமம் 18இல் இருக்கிறது. அங்கே கடைசிப் பிரிவு பத்துப் பேருக்கு ஒரு தலைவர். அதற்குமேல் கூட்டம் சேர்ந்தால் இரண்டாகப் பிரித்துவிடு. பிரிக்கும்போது கொஞ்சம் மனவருத்தம் வரத்தான் செய்யும்.

கூடுகையில் நேரத்தை அதிகம் தின்பது ஜெபக் குறிப்புகள்தான். ஜெபத்தால் நேரம் போயிற்று என்று யாரும் வாய்திறந்து சொல்லமாட்டார்கள், அதனால் அது நீண்டுகொண்டே போகும். வந்தவுடன் ஆளுக்கு ஒரு சீட்டு கொடுத்து ஒரு வரி எழுதி வாங்கு. வாயால் சொல்லவிட்டால் "என் மருமகளுக்காக ஜெபியுங்கள்" என்று தொடங்குவது மருமகளின் குற்றப்பட்டியலில் போய் முடியும். ஜெபம் முடிந்ததும் சீட்டுகளைக் கிழித்துப் போட்டுவிடு.

படைப்பை ஐந்து நாளைக்கு முன்பே எல்லாருக்கும் அனுப்பச் சொல், 1200 சொல்லுக்குள். கூடுகையில் எழுதியவள் ஒரு பக்கத்தை மட்டும் வாசிக்கட்டும். பிறகு மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை அவள் வாய் திறக்கக் கூடாது. இந்த விதியைத் தளர்த்தாதே. எழுதியவள் விளக்க ஆரம்பித்தால் எல்லாரும் விளக்கத்துக்குத் தலையாட்டுவார்கள், தாளில் என்ன விடுபட்டது என்பது மறைந்துபோகும். கடைசி ஐந்து நிமிடம் அவளுக்கு.

நம் ஐக்கியங்களுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. ஒருத்தி தன் சாட்சியை, அதாவது கர்த்தர் தன் வாழ்வில் செய்ததை, எழுதிக்கொண்டு வருவாள்: மகன் நோயிலிருந்து பிழைத்த கதை. வாசித்து முடித்ததும் எல்லார் கண்ணிலும் நீர். "கர்த்தர் கொடுத்தது, அப்படியே எழுதினேன்" என்பாள். அதன்பிறகு மூன்றாம் பத்தி குழப்பமாக இருக்கிறது என்று யார் சொல்வார்கள்? சொன்னால் அவள் விசுவாசத்தையே சந்தேகிப்பதுபோல் ஆகிவிடும். ஆகவே இரண்டையும் நீதான் பிரித்து வைக்க வேண்டும். சாட்சிக்காக முதலில் ஒரு நிமிடம் நன்றி சொல்லி ஜெபித்துவிடு. பிறகு, "இனி தாளைப் பார்ப்போம்" என்று சொல். அந்த நேரத்திலிருந்து "நீங்கள்" என்ற சொல் வேண்டாம். "இந்தப் பெண் ஆஸ்பத்திரிக்கு எப்போது போனாள் என்று தெரியவில்லை" என்று பாத்திரத்தைப்பற்றிப் பேசட்டும். "அருமை", "ஆசீர்வாதமாக இருந்தது" இரண்டும் எழுதியவளுக்கு உதவாது. மனதில் நின்ற ஒரு வரி, புரியாமல் போன ஓர் இடம், நீக்கினாலும் குறையாத ஒரு பகுதி: மூன்றையும் ஒவ்வொருத்தியையும் சொல்லச் சொல்.

சாட்சியில் வரும் கணவன், மாமியார், பிள்ளை இவர்களெல்லாம் உயிரோடிருப்பவர்கள். அச்சுக்குப் போகுமுன் அவர்களிடம் காட்டிச் சம்மதம் வாங்கினாளா என்று கேள். பெயரை மாற்றினால் மட்டும் போதாது, சபையில் எல்லாருக்கும் ஆள் யாரென்று தெரியும். வீட்டில் அடிவாங்கிய கதையை ஒருத்தி எழுதிவந்தால், அது பழைய கதையா இன்றும் நடப்பதா என்று அவளைத் தனியே கேள். இன்றும் நடக்கிறதென்றால் எழுத்து நடையைத் திருத்துவதையும், பொறுத்துக்கொள் என்று வசனம் சொல்வதையும் விட்டுவிட்டு, அவள் பாதுகாப்புக்கு உதவக்கூடிய பயிற்சி பெற்றவர்களிடம் அவளைச் சேர்த்துவிடு.

நீ முதலில் கருத்துச் சொல்லாதே. தலைவி சொன்னதையே மற்ற எட்டுப் பேரும் திருப்பிச் சொல்வார்கள். உன் எழுத்துக்கு இனிமேல் புகழ்ச்சிதான் கிடைக்கும், அதனால் வெளியே கறாரான வாசகி ஒருத்தியைத் தேடிக்கொள். இரண்டு பேருக்குள் மனத்தாங்கல் வந்தால் கூட்டத்தில் எடுக்காதே. மத்தேயு 18:15 சொல்லும் வழியில், வருத்தப்பட்டவளே மற்றவளிடம் தனியாகப் போய்ப் பேசட்டும்.

தொகுப்பு நூல் போடலாம் என்று யாராவது கிளம்புவார்கள். பணம் வசூலிக்குமுன் தேர்வுக்குழு யார், நிராகரிக்கும் உரிமை உண்டா, விற்ற பணம் எங்கே போகும், மூன்றையும் எழுத்தில் வை. காசு கொடுத்தவள் கட்டுரையை எப்படித் தள்ளுவது என்ற இடத்தில்தான் பல ஐக்கியங்கள் உடைகின்றன. கணக்கை இரண்டு பேர் பார்க்கட்டும், அதில் ஒருத்தி நீயாக இருக்க வேண்டாம்.

இரண்டு வருஷத்தில் பொறுப்பை மாற்றிக் கொடு. அடுத்தவளை இப்போதே மூன்றில் ஒரு கூடுகையை நடத்தவிடு.

அன்புடன்,
அம்மா

பி.கு.: வசனங்களை நினைவிலிருந்து எழுதுவார்கள், ஒவ்வொன்றையும் வேதபுத்தகத்தோடு ஒப்பிட ஒருத்தியை நியமி. புதிய மொழிபெயர்ப்புகளில் எத்தனை வசனம் எடுக்கலாம் என்பதற்குப் பதிப்பாளர் விதி இருக்கும், முதல் பக்கங்களில் பார். பாட்டுகளிலும் கவனம்: மூலப்பாட்டு பழையதாக இருந்தாலும் அதன் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை இருக்கலாம்.