இழுத்தால் அசையும் மூன்று சிற்பங்கள்: தேவனாம்பட்டினம் படிப்பக முற்றத்துக்கு நன்கொடை வேண்டுகோள்

கடலூர் மக்களுக்கும், பிழைப்புக்காக வெளியூர் போயிருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கும் வணக்கம்.

சென்ற மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் வந்தவர்களில் சிலருக்கு நினைவிருக்கும். தீர்த்தவாரிக்குச் சாமிகள் இறங்கும் இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, மணலில் தெருக்கூத்தில் வரும் கட்டியங்காரன் ஒருவன், ஆளுயர மரச் சிற்பமாக நின்றான். எதிரே தொங்கிய இரும்பு வளையத்தைத் தலையில் மாட்டிக்கொண்டு பிள்ளைகள் தலையாட்ட, அவனும் ஆட்டினான். இவர்கள் குனிந்தால் அவனும் குனிந்து கும்பிட்டான். காலையில் நான்கைந்து பிள்ளைகள்தான் நின்றார்கள். பதினொரு மணிக்கெல்லாம் பெரியவர்களும் வரிசையில் சேர்ந்துவிட்டார்கள்.

மதியத்துக்குமேல் கட்டியங்காரனின் முழங்கை இறுகிப்போனது. ஈரக்காற்றில் மரம் ஊறிப் பருத்துவிட்டது. யாரோ வேகமாக இழுக்க, கயிறும் அறுந்தது. அவனைச் செய்த சிற்பி முகம் வாடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்து, "இந்த முடிச்சு நிக்காதும்மா, இப்படிக் குடு" என்று வாங்கி, தங்கூசி என்னும் நைலான் நரம்பால் வலை முடிச்சு போட்டுக் கொடுத்தார். அது இன்றுவரை அவிழவில்லை. இப்போது சிற்பி போடுவதெல்லாம் அவரிடம் கற்ற முடிச்சுதான்.

அந்த ஒரு நாளில் பார்த்ததுதான் எங்களைக் குழுவாகச் சேர்த்தது.

கட்டியங்காரனை ஆட்டிய அந்த வளையம் பொம்மலாட்டத்திலிருந்து வந்தது. பொம்மலாட்டக் கலைஞர் தலையில் ஓர் இரும்பு வளையத்தைக் கிரீடம்போல் அணிந்திருப்பார். பொம்மையின் கயிறுகள் அதில் கட்டியிருக்கும். பொம்மையின் கைகளைக் கம்பிகளால் ஆட்டுவார். பொம்மை நாலரை அடி உயரமும் 10 கிலோ எடையும்கூட இருக்கும். இந்தியாவின் கயிற்றுப் பொம்மைகளிலேயே பெரியவையும் கனமானவையும் நம் தமிழ்நாட்டுப் பொம்மைகள்தான். அத்தனை பாரத்தையும் ஒரு மனிதர் தலையிலும் கழுத்திலும் தாங்கிக்கொண்டு ஆடுவதை, திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் நாம் பார்ப்பதே இல்லை.

சிற்பி எங்கள் ஊர்ப் பெண். புதுச்சேரியில் சிற்பம் படித்தவர். கும்பகோணம் பக்கம் பொம்மலாட்டக் கலைஞர்களிடம் போய் உட்கார்ந்து கற்றுவந்தவர். திரைக்குப் பின்னால் நடப்பதை வெளியே கொண்டுவந்து எல்லார் கையிலும் கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. தலை வளையத்தை அப்படியே வைத்துக்கொண்டார். பாரத்தை மட்டும் ஒரு கப்பி வழியாக எதிர்ப்பக்கம் தொங்கும் கல்லுக்கு மாற்றிவிட்டார். பாரம் கல்லுக்கு, ஆட்டம் பிள்ளைக்கு. ஏழு வயதுப் பிள்ளையும் ஆளுயரச் சிலையை ஆட்ட முடிந்தது இதனால்தான். சிலை என்றாலே 'தொடாதீர்கள்' என்ற பலகையோடு பார்த்துப் பழகிவிட்டோம். தொட்டால்தான் இந்தச் சிற்பங்களுக்கு உயிர்.

படிப்பக முற்றத்தில் மூன்று சிற்பங்கள் நிறுவ நினைக்கிறோம். கட்டியங்காரனைப் புதிதாகச் செய்கிறோம். மீன்கூடையோடு ஒரு பெண், கூப்பிட்ட பக்கம் திரும்பிப் பார்ப்பவள். மூன்றாவது, எங்கள் எல்லாருக்கும் பிடித்த பங்குனி ஆமை. நம் கரைக்கு முட்டையிட வரும் அதே ஆமை, ஆறடி நீளத்தில். நான்கு துடுப்புக்கும் நான்கு கயிறு, நான்கு பேர் இழுக்க வேண்டும். ஒருவர் மட்டும் இழுத்தால் அது நின்ற இடத்திலேயே சுற்றும். நால்வரும் ஒரே தாளத்தில் இழுத்தால்தான் தண்டவாளத்தில் முன்னேறும். அட்டை மாதிரியை வைத்துப் பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்தோம். யாரும் சொல்லிக்கொடுக்காமலே "ஏலேலோ" போட ஆரம்பித்துவிட்டார்கள்!

இவ்வளவு செலவு ஏன் என்று கேட்பீர்கள், கேட்கவும் வேண்டும். பொம்மலாட்டப் பொம்மைக்கு லேசான கல்யாண முருங்கை மரம் போதும். கடற்கரையில் வெயிலிலும் உப்பிலும் நிற்கும் சிற்பத்துக்கு அது தாங்காது. பண்ருட்டிப் பலாவும் பழைய தேக்கும் வாங்க 1,10,000 ரூபாய் ஆகும். சாதாரண இரும்பு ஆணி இங்கே சீக்கிரம் துருப்பிடித்துவிடும். அதனால் மூட்டுகளுக்கு 316 தர எவர்சில்வர் கம்பி, பேரிங், லேத் வேலை எல்லாம் சேர்த்து 90,000. அடித்தளத்துக்கு 60,000. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்த ஊரை என்ன செய்தது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே ஒவ்வொரு சிற்பமும் நான்கு போல்ட்டில் நிற்கும். புயல் எச்சரிக்கை வந்தால் கழற்றி உள்ளே வைத்துவிடலாம்.

சிற்பிக்கும் இரண்டு தச்சர்களுக்கும் கூலி 1,20,000. சிற்பி தனக்கு எதுவும் வேண்டாம் என்றார். நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. ஆறு மாத உழைப்பைச் சும்மா வாங்கிக்கொண்டு அதற்கு ஊர்ச்சொத்து என்று பெயர் வைப்பது சரியில்லை. கடைசியாக ஒரு லட்சம் பராமரிப்புக்கு. திறப்பு விழாவோடு மறந்துபோய், அடுத்த வருடம் கயிறில்லாமல் கிடக்கும் பொம்மையாக இதை விட எங்களுக்கு மனமில்லை.

ஆக மொத்தம் 4,80,000 ரூபாய். தெருவில் வீடு வீடாகச் சேர்ந்தது 1,35,000. இன்னும் 3,45,000 வேண்டும்.

வள்ளுவர் 1058-ஆவது குறளில், இரந்து கேட்பவர் இல்லாத உலகில் மனிதர் நடமாட்டம் மரப்பாவை போய்வருவதுபோல்தான் என்கிறார். மரப்பாவைக்காகவே கேட்க வந்திருக்கும் எங்களுக்கு அந்தக் குறள் பெரிய தைரியம்.

நூறு ரூபாயும் எங்களுக்குப் பெரிதுதான். பணமாக முடியாதவர்கள், வீடு இடிக்கும்போது கிடைக்கும் பழைய தேக்கு உத்திரம், நிலைக்கால் தரலாம். மீன்கூடைக்காரிக்குக் கட்ட கண்டாங்கிச் சேலைகள் வேண்டும், வருடத்துக்குக் குறைந்தது நான்கு தேவைப்படும். வெல்டிங் தெரிந்தவர்கள் இரண்டு ஞாயிறு வந்தால் அதுவே பெரிய உதவி. படிப்பகத்தில் மாலை 5 முதல் 8 மணிவரை குழு உறுப்பினர் ஒருவர் இருப்பார். பணம் கொடுத்ததும் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவு மாதந்தோறும் வாசல் பலகையில் ஒட்டப்படும். எங்களுடையது சிறிய குழு, நன்கொடைக்கு வருமான வரிவிலக்கு கிடையாது. இதை முன்பே சொல்லிவிடுகிறோம்.

ஐப்பசி மழைக்கு முன் அடித்தளம் போட்டுவிட வேண்டும். அதற்குள் பாதித் தொகையாவது சேர்ந்தால்தான் மரம் வாங்க முடியும். வரும் மாசி மகத்தன்று முற்றத்தைத் திறக்கிறோம். ஆமையின் முதல் கயிறு வலைக்காரப் பெரியவருக்கு என்று முடிவாகிவிட்டது. மற்ற மூன்றுக்கும் பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கி எடுப்போம். நன்கொடை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், பிள்ளைகளின் பெயரைப் படிப்பக நோட்டில் எழுதிவைத்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
படிப்பக முற்றச் சிற்பக் குழுவினர்,
தேவனாம்பட்டினம், கடலூர்