பனிப்புயல் எச்சரிக்கையை அம்மாவுக்கு யார் வாசித்துச் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 பெப்ரவரியில் ரொறன்ரோவில் அடுத்தடுத்துப் பனி கொட்டியது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அதில் ஓர் இரவு, விடியப்புறம் மூன்று மணிக்கு எங்கள் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் நின்றுவிட்டது. அம்மாவுக்கு 78 வயது. போர்வைக்குள் நடுங்கியபடி, "பின்பக்கத்துக் கரி அடுப்பை உள்ளுக்குக் கொண்டுவா பிள்ளை, தணல் போட்டால் சூடு வரும்" என்றார். நானும் கதவடி வரைக்கும் போய்விட்டேன். இப்போது நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது.

2013 நத்தாருக்கு முந்திய உறைமழையில் ரொறன்ரோவில் மட்டும் சுமார் 3 இலட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் இல்லாமல் போனது. கரி அடுப்பை வீட்டுக்குள் மூட்டியவர்களும் ஜெனரேட்டரைக் கராஜுக்குள் ஓடவிட்டவர்களும் கார்பன் மொனொக்சைட்டில் மயங்கி விழுந்தார்கள். ஒன்ராறியோவில் உயிர்களும் போயின. நிறமும் மணமும் இல்லாத நஞ்சு அது.

எங்கள் ஃபர்னஸில் பழுது எதுவும் இருக்கவில்லை. பக்கச் சுவரில் முழங்கால் உயரத்தில் இரண்டு வெள்ளைக் குழாய்கள் உண்டு. ஒன்று காற்றை இழுக்கும், மற்றது புகையை வெளியே விடும். காற்று அள்ளிக் குவித்த பனி இரண்டையும் மூடிவிட்டது. மகன் கையாலேயே தோண்டி எடுத்தான். கொஞ்ச நேரத்தில் வீடு சூடேறியது.

எச்சரிக்கை முதல் நாளே என் தொலைபேசியில் வந்திருந்தது, ஆங்கிலத்தில். வாசித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். அம்மாவுக்கு ஒரு சொல் சொல்லவில்லை. பகலில் ஒருதரம் அந்தக் குழாயடியைத் துப்புரவாக்கியிருந்தால் போதும்.

கனடாச் சுற்றுச்சூழல் அமைச்சு 2025 நவம்பரிலிருந்து எச்சரிக்கைகளை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று நிறம் பிரித்துத் தருகிறது. சிவப்பு வருவது அரிது. வந்தால் வெளியே இறங்கக்கூடாது. பலர் நினைப்பதுபோல் பனிக்குத் தொலைபேசி தானாக அலறுவதில்லை. அமைச்சின் வெதர்கேன் (WeatherCAN) செயலியை இறக்கி, நம் ஊரையும் போகப்போகும் ஊரையும் அதில் பதிந்து வைக்க வேண்டும். ஸ்காபரோவில் வெயில் எறிக்கும் அதே நேரம், ஜோர்ஜியன் குடாவிலிருந்து வரும் பனிக்காற்றில் வடக்கே பாரி நகர்ப் பக்கம் 400 நெடுஞ்சாலையில் முன்னால் போகும் கார் தெரியாது. ரொறன்ரோ நிலவரத்தை மட்டும் பார்த்துவிட்டு வடக்கே லொறி ஓட்டும் நம் பிள்ளைகள் எத்தனை பேர்!

வயதானவர்களுக்கும், பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கும் புது மாணவர்களுக்கும் இவை தமிழில் போய்ச் சேர்வதில்லை. வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய படங்கள்தான் சேர்கின்றன. உங்கள் பத்திரிகை தமிழ்க் கடைகள் எல்லாவற்றிலும் கிடைக்கிறது; அம்மா அதை வரிவிடாமல் வாசிக்கிறார். குளிர்காலம் முடியும்வரை வாராவாரம் ஒரு சிறு பெட்டிச் செய்தி போடுங்கள்: எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம், மூன்று நாளுக்கு வீட்டில் என்ன இருக்க வேண்டும், குழாயடி, கார்பன் மொனொக்சைட் அலாரத்தின் பற்றரி, பனிக்குள் கார் சிக்கினால் எஞ்சினை இயக்குமுன் புகைக்குழாயைத் துப்புரவாக்குவது. தினசரி நிலவரத்தை வாராந்தப் பத்திரிகையால் தரமுடியாதுதான். அதை எங்கே பார்ப்பது என்றாவது சொல்லலாமே.

முதல் பெட்டி நவம்பர் தொடக்கத்திலேயே வந்தால், குளிர்கால ரயர் மாற்றும் நேரத்தோடு சேர்ந்துகொள்ளும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
ஸ்காபரோ