தொடாமலே வெடித்தால்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன மாதம் அம்பாசமுத்திரம் பக்கமிருந்து ஒருவர் தம்முடைய பாயிண்ட் 22 செமி ஆட்டோமேட்டிக் ரைபிளை உறையோடு கொண்டுவந்து மேசையில் வைத்தார். போட்டிக்காகச் சுடுகிறவர், பதற்றப்படுகிற ஆளில்லை. அன்றைக்கு முகம் வெளிறியிருந்தது. "அண்ணாச்சி, நான் ட்ரிகரைத் தொடவே இல்ல. போல்ட்டை விட்டேன், அதுவா வெடிச்சிட்டு" என்றார். நல்லவேளை, குழல் இலக்குப் பக்கம் இருந்தது. குண்டு மண்மேட்டில் போய்ப் புதைந்துவிட்டது. அவருடைய மகன் நாலடி தள்ளி நின்றிருக்கிறான்.

தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் இரும்புப் பாகம்தான் போல்ட். அதைக் கழற்றிப் பார்த்தேன். தோட்டாவின் அடியில் அடித்து வெடிக்கவைக்கும் ஊசியான ஃபயரிங் பின் போகவர இருக்கும் துளை முழுக்கப் பழுப்பு நிறத்தில் ஒரு பசை. ஊசியால் கிளறினால் இறுகிய கருப்பட்டிப் பாகு மாதிரி இழுபட்டது. பின்னின் முனை உள்ளே போகாமல், வெளியே நீட்டியபடி ஒட்டிக்கொண்டு நின்றது. என்ன எண்ணெய் போட்டீர்கள் என்று கேட்டேன். வீட்டில் இருந்த தேங்காய் எண்ணெய்தான் என்றார். 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் வீட்டுக்குள் வந்தபோது ரைபிள் நனைந்திருக்கிறது. வெயிலில் காயவைத்து, எண்ணெய் தடவி, பீரோவில் வைத்தவர் அதற்குப் பிறகு உள்ளே திறந்து பார்க்கவில்லை. ஆற்று வண்டலும் மருந்துக் கரியும் எண்ணெயும் சேர்ந்து அந்தப் பசை உண்டாகியிருக்கிறது.

அந்த வெள்ளத்தில் நனைந்த துப்பாக்கிகள் நம் பக்கத்தில் இன்னும் எத்தனை வீட்டில் அப்படியே இருக்குமோ என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

செமி ஆட்டோமேட்டிக்கில் ஒவ்வொரு முறை வெடித்ததும் போல்ட் தானாகப் பின்னால் போய், காலித் தோட்டாவை வெளியே தள்ளி, ஸ்பிரிங்கின் விசையில் அடுத்த தோட்டாவைக் குழலின் பின்முனையில் உள்ள அறைக்குள் அறைந்து மூடும். அந்த வேகத்தில் ஃபயரிங் பின் அடங்கி உள்ளே இருக்க வேண்டும். நீட்டிக்கொண்டு நின்றால், போல்ட் மூடுகிற அடியே சுடுகிற அடியாகிவிடும். ட்ரிகருக்கு அங்கே வேலையே இல்லை. சோவியத் எஸ்.கே.எஸ். ரைபிள்களைக் கெட்டிக் கிரீஸில் புதைத்துப் பல ஆண்டு சேமித்து வைத்தார்கள். வாங்கியவர்களில் போல்ட்டுக்குள் இருந்த கிரீஸை எடுக்காமல் சுட்டவர்களுக்கும் இதே கதிதான் ஆயிற்று. அங்கே கிரீஸ், இங்கே தேங்காய் எண்ணெய். மார்கழி விடியலில் பாட்டிலுக்குள் உறைகிற எண்ணெய், போல்ட்டுக்குள் மட்டும் உறையாமல் இருக்குமா?

அதனால் தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். துப்பாக்கிக்கென்று விற்கும் எண்ணெயிலும் இரண்டு சொட்டு போதும். வெளியே மெல்லிய பூச்சாகத் துடைத்துவிடுங்கள். ஃபயரிங் பின் இருக்கும் துளை கிட்டத்தட்ட உலர்ந்தே இருக்க வேண்டும். உவரி, கூடங்குளம் பக்கத்துக் கடற்காற்றுக்கும் தென்காசிப் பக்கத்துச் சாரலுக்கும் துருப் பிடிக்கத்தான் செய்யும். அதற்காக எண்ணெயில் குளிப்பாட்டுவது மருந்தாகாது, மாதம் ஒருமுறை எடுத்துத் துடைப்பதுதான் மருந்து. தோல் உறைக்குள்ளேயே வைத்துப் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இன்னொரு வகைக் கோளாறு, ஒரு முறை இழுத்தால் இரண்டு வெடிப்பது. ஃபயரிங் பின்னை அடிக்கும் சுத்தியல் போன்ற பாகம் ஹேமர். அதைப் பிடித்து நிறுத்தும் சிறு இரும்புப் பல்லைச் சியர் என்போம். சியரின் விளிம்பு தேய்ந்தால் பிடி நழுவும். துப்பாக்கி கீழே விழுந்தாலோ, மேசையில் தட்டென்று வைத்தாலோ வெடிப்பதும் பெரும்பாலும் இதனால்தான். தானாகத் தேய்வதைவிட, "ட்ரிகர் கனமா இருக்கு, லேசாக்கிக் குடுங்க" என்று யாரிடமாவது அரம் போட்டு வாங்கியவை எங்களிடம் அதிகம் வருகின்றன. மேலே உள்ள கடினப் பூச்சு போய்விட்டால் அடியில் இருப்பது மெத்தென்ற இரும்பு. சில நூறு குண்டில் தேய்ந்துவிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எங்களிடம் கேட்டாலும் செய்து தரமாட்டோம்.

வங்கிக் காவலில் இருக்கும் நம் முன்னாள் ராணுவத்தார் பலர் வைத்திருப்பது 12 போர் அளவுள்ள இரட்டைக்குழல் துப்பாக்கி. உங்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பட்டாளத்தில் எஸ்.எல்.ஆர். ரைபிள் தூக்கிப் பழகிய கைக்கு இது சாதுவாகத் தோன்றும். ஆனால் பல இரட்டைக்குழலில் சேஃப்டி பட்டன் ட்ரிகரை மட்டுமே பூட்டுகிறது, உள்ளே இழுபட்டு நிற்கும் ஹேமரை அல்ல. சியர் தேய்ந்திருந்தால், சேஃப்டி போட்டிருக்கும்போதே ஒரு குலுக்கலில் வெடிக்கலாம். முதல் குழல் சுட்ட அதிர்ச்சியில் இரண்டாவதும் சேர்ந்து வெடிப்பதுண்டு. "ரெண்டும் ஒண்ணாப் போச்சு, தோள்பட்டை கழண்டுட்டு" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்காலியில் சாய்த்து வைக்கும் துப்பாக்கி அது. எதிரே வங்கிக்கு வருகிற சனம்.

அப்படி ஏதாவது நடந்தால், முதலில் குழலை இருந்த பாதுகாப்பான திசையிலேயே வைத்திருங்கள். விரலை வெளியே எடுங்கள். மகசீனைக் கழற்றி, அறையைத் திறந்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். "இன்னொரு தடவை சுட்டுப் பாப்போம்" என்ற ஆசையே வேண்டாம். வெடித்த காலித் தோட்டாவை எறியாமல் எடுத்து வையுங்கள். அதில் ஃபயரிங் பின் அடித்த தடத்தைப் பார்த்தாலே எங்களுக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும். இதற்கு நேர்மாறாக, ட்ரிகரை இழுத்தும் 'டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தால், உடனே திறக்காதீர்கள். மருந்து தாமதமாகப் பற்றுவதுண்டு. இலக்கை நோக்கியபடி அரை நிமிடமாவது பொறுங்கள்.

போல்ட்டையோ, ஹேமரும் சியரும் இருக்கும் லாக்கையோ வீட்டில் பிரிக்க வேண்டாம். ஸ்பிரிங் ஒன்றை மாற்றிப் போட்டாலும் கோளாறு கூடும். தோட்டா இல்லாமல், உரிமப் புத்தகத்தோடு கொண்டுவாருங்கள். வர முடியாதவர்கள் எழுத்துமூலம் அனுமதி கொடுத்து வேறொருவரிடம் பழுதுக்கு அனுப்ப 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. ஆனாலும் சுட்டவரே வந்தால் நல்லது. போல்ட்டை விட்டபோதா, விரலை எடுத்தபோதா, கீழே வைத்தபோதா என்று அவரிடம் கேட்டுத்தான் வேலையைத் தொடங்குவோம்.

வெள்ளத்தில் நனைந்த துப்பாக்கி எதுவானாலும், சுட்டாலும் சுடாவிட்டாலும், பிரித்துச் சுத்தம் செய்து பார்த்துத் தருகிறோம். அந்த வேலைக்குக் கூலி வாங்கப் போவதில்லை. பாகம் மாற்ற வேண்டியிருந்தால் அதன் விலை மட்டும். தேர்தல் சமயத்தில் எங்களிடம் ஒப்படைக்க வருகிறவர்கள் அப்போதே சொல்லிவிட்டால், திருப்பிக் கொடுப்பதற்குள் பார்த்து வைத்துவிடுவோம்.

அம்பாசமுத்திரத்துக்காரரின் ரைபிள் தயாராகிவிட்டது. பின்னை மாற்றியிருக்கிறேன். சனிக்கிழமை மகனையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன், பழைய பின்னை அவன் கையில் கொடுத்துக் காட்டுவதற்கு.

அன்புடன்,
துப்பாக்கிக் கடையிலிருந்து,
பாளையங்கோட்டை