புழுதி பறப்பது திறமை அன்று

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வறண்ட மலைத்தடங்களில் மவுண்டன் பைக் எனப்படும் மலைச் சைக்கிள் ஓட்டுவதைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். தண்ணீர், வெயில், தலைக்கவசம் ஆகியவை குறித்துக் கட்டுரையாளர் எழுதியவை சரியே. ஆனால் செங்குத்தான இறக்கத்தில் பின்சக்கரத்தைப் பிரேக்கால் சுழலவிடாமல் பூட்டி, புழுதி பறக்கச் சறுக்கி இறங்குவதை அவர் வீரமாகப் பாராட்டியிருப்பதை மறுக்காமல் விட எனக்கு மனம் வரவில்லை.

இத்தகைய தடங்களில் மண் பெரும்பாலும் சுட்ட ஓடுபோல் இறுகியிருக்கும். அதன்மேல் உதிரிச் சரளை மெல்லிய படலமாகக் கிடக்கும். பிரேக் பிடித்ததும் எடை முன்பக்கம் சாய்வதால், பளு குறைந்த பின்சக்கரம் எளிதில் பூட்டிக்கொள்கிறது. நிறுத்தும் வலிமையின் பெரும்பங்கு முன்பிரேக்கில் இருக்க, அதற்கு அஞ்சிப் பின்பிரேக்கை மட்டும் நம்புபவரின் வண்டி நிற்பதற்கு அதிகத் தூரம் எடுத்துக்கொள்கிறது. தொடக்க ஆண்டுகளில் ஒரு கொண்டை ஊசி வளைவில் இப்படிச் சறுக்கி, முட்புதருக்குள் விழுந்து, முழங்கையிலிருந்து சரளையைப் பொறுக்கி எடுத்த பிறகுதான், வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும் என்பது எனக்கு உறைத்தது. இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, குதிகாலைத் தாழ்த்தி, இரு பிரேக்குகளையும் மெல்ல அழுத்தி இறங்குபவரின் பின்னால் புழுதி அதிகம் எழாது. பார்ப்பவருக்கு அதில் சுவாரசியம் குறைவு என்பது உண்மைதான்.

தடத்துக்கு நேரும் கேடு இதைவிடப் பெரிது. பூட்டிய சக்கரம் மேல்மண்ணைப் பெயர்த்துக் கீறிவிடுகிறது. மழை அரிதான நிலம்தானே என்று எண்ணலாம். ஆனால் அங்கே மழை வந்தால் குறுகிய நேரத்தில் கொட்டித் தீர்ப்பதால், நீர் அந்தக் கீறலையே வாய்க்காலாக்கிக்கொள்கிறது. பள்ளத்தைத் தவிர்க்க அடுத்து வருபவர்கள் ஓரமாக ஓட்டத் தொடங்க, ஒற்றைத் தடம் இரண்டாகவும் மூன்றாகவும் பிரிகிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள மோவாப் போன்ற பகுதிகளில் அந்த ஓரத்து மண், நீலப்பச்சைப் பாக்டீரியாவும் லைக்கன் எனும் கற்பாசியும் பாசியும் பின்னிப் பிணைந்த உயிருள்ள பொருக்காகும். மணல் பறக்காமல் பிடித்துவைப்பதும், காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்ப்பதும் அதுவே. ஒரு டயர் நொறுக்கியது மீண்டும் உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகக்கூடும். அங்கே 1969இல் மோட்டார் சைக்கிள்களுக்காக அமைக்கப்பட்ட ஸ்லிக்ராக் தடம் மணற்பாறையின் மேல் தீட்டிய வெள்ளைக் கோடுகளை ஒட்டியே செல்கிறது; அவற்றை விட்டு விலகாதவர் பொருக்கை நொறுக்குவதில்லை. (ஸ்லிக்ராக் என்றால் வழுக்குப் பாறை. லாடம் அடித்த குதிரைகள் வழுக்கியதால் அந்தப் பெயர், ரப்பர் டயருக்கோ அந்தப் பாறை நல்ல பிடி கொடுக்கும்.)

1988இல் தொடங்கப்பட்ட சர்வதேச மலைச் சைக்கிள் சங்கத்தின் விதிகள், தடயம் விடாமல் ஓட்ட வேண்டும் என்பதையும் வண்டியைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும் என்பதையும் தனித்தனியே சொல்கின்றன. வேண்டுமென்றே சறுக்குபவர் இரண்டையும் ஒருசேர மீறுகிறார். சக்கரத்தைப் பூட்டாமல் இறங்க முடியாத சரிவு என்று தெரிந்தால், வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கலாம்; இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நான் அப்படித்தான் செய்கிறேன். கட்டுரையின் அடுத்த பகுதி வரவிருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் புழுதி மேகப் படத்துக்குப் பதிலாக, இறக்கத்தில் பிரேக் பிடிக்கும் முறையை விளக்கும் படம் ஒன்றை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்