ஆஸ்பத்திரிக்கு வந்தோம்னு சொன்னா ரூம் உண்டு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க ஞாயிறு இணைப்புல சனி ஞாயிறு ரெண்டு நாள்ல சென்னையைச் சுத்திப் பாக்குறது எப்படின்னு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க, ஆளுக்கு எட்டாயிரம் ரூபா ஆகும்னு கணக்கும் குடுத்திருந்தீங்க. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல அதைப் படிச்சிட்டு எங்க பிரஸ்ல ஒரே சிரிப்பு. ஏன்னா மாசி மாசம் நாங்க நாலு பேரு ஆளுக்கு ஆயிரத்து எழுநூறு ரூபாய்க்குள்ள அதே சென்னையை ரெண்டு நாள் சுத்திட்டு வந்தவங்க. ஆனா உங்க கட்டுரைல வராத ஒரு விஷயம் இருக்கு, அதுக்குத் தான் இந்த லெட்டர். நீளமா இருந்தா வெட்டிக்கோங்க, லாட்ஜ் விஷயத்தை மட்டும் வெட்டிராதீங்க.

நாங்க சிவகாசி. நான் பிரஸ்ல டிடிபி, அதாவது கம்ப்யூட்டர்ல பக்கம் அமைக்கிற வேலை பாக்குறேன், ஒரு அக்கா பைண்டிங் செக்ஷன், இன்னொருத்தி வீட்ல தையல் மெஷின் போட்டிருக்கா, நாலாவது ஆளு ஸ்கூல் டீச்சர். நாலு பேரும் ஒரே தெரு, ஒரே ஸ்கூல்ல படிச்சவங்க, அக்கா மட்டும் ரெண்டு வருஷம் மூத்தவங்க. ஆடிப்பெருக்குல அடுத்த வருஷக் காலண்டர் மாடல் எல்லாம் இருக்குற ஆல்பம் வந்துச்சுன்னா அப்புறம் ஜனவரி வரைக்கும் எங்களுக்கு ஞாயித்துக்கிழமையும் கிடையாது ஒண்ணும் கிடையாது. சீசன் முடிஞ்சதும் எங்கயாவது போவோம்னு பத்து வருஷமா பேசிட்டே இருந்து இந்த வருஷம் தான் கிளம்புனோம். பிள்ளைங்களை டீச்சரோட மாமியார் பாத்துக்கிறேன்னு சொல்லிட்டாங்க. அவங்க இந்தக் கதைல பின்னாடி வருவாங்க.

வெள்ளிக்கிழமை ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸ்ல ஏறி விடியக்காலைல எழும்பூர்ல இறங்குனோம். ஸ்லீப்பர் தான், ஆளுக்குப் போக வர எழுநூத்தி நாப்பது. ஸ்டேஷன் பக்கத்துலயே ஒரு லாட்ஜ்ல போன்ல ரூம் போட்டு வெச்சிருந்தோம், பேரு, ஆதார், அட்வான்ஸ் எல்லாம் குடுத்து கன்ஃபர்ம்னு மெசேஜும் வந்துச்சு. அங்க போனா ரிசப்ஷன்ல இருந்த தம்பி எங்களைப் பாத்துட்டு வாசலைப் பாக்குறான், மறுபடி எங்களைப் பாக்குறான். “கூட ஜென்ட்ஸ் யாரும் வரலையா?” இல்லப்பா. “எதுக்கு வந்திருக்கீங்க?” சுத்திப் பாக்க. அவ்வளவு தான், நோட்டை மூடிட்டான். லேடீஸ் மட்டும்னா குடுக்க வேணாம்னு ஓனர் சொல்லிருக்காராம், அட்வான்ஸ் திரும்ப வந்துருமாம். வந்துச்சு, அது ஒண்ணும் பொய் இல்ல, பதினோரு நாள் கழிச்சு வந்துச்சு.

அடுத்த லாட்ஜ்ல கல்யாணத்துக்கு வந்தீங்களா, பரீட்சை எழுத வந்தீங்களான்னு வரிசையா கேட்டாரு, ரெண்டும் இல்லன்னதும் அவருக்கு எங்களை எந்தக் கட்டத்துல எழுதுறதுன்னு தெரியல. மூணாவது எடத்துல ரூமே இல்லன்னுட்டாங்க, அவரு தலைக்குப் பின்னாடி போர்டுல பன்னெண்டு சாவி தொங்குது. தையல்காரி அதை வாய் விட்டே எண்ணுனா. பொம்பளைங்களுக்கு ரூம் குடுக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் கிடையாது சார், கேட்டா யாரும் சட்டம்னும் சொல்ல மாட்டாங்க, ஓனர் சொன்னாரு, மேனேஜர் சொன்னாரு, போன வருஷம் ஒரு பிரச்சனை ஆச்சு, இப்படித் தான். எங்களுக்கு நாப்பது வயசு ஆகுது, பிள்ளைங்க காலேஜ் போகுது. அக்காவுக்குப் பேரன் இருக்கான்.

சரின்னு ஸ்டேஷனுக்கே திரும்பிட்டோம். க்ளோக் ரூம்ல பையை வைக்கலாம்னா பூட்டுப் போட்ட பை தான் வாங்குவாங்களாம், நாங்க கொண்டு போனது ரெண்டு கட்டப்பை, ஒரு ஜிப் போன பேக். இது அவங்க தப்பில்ல, ரூல்ஸ் அது, எங்களுக்குத் தெரியல. வெளில போய் பூட்டு வாங்கி எல்லாத்தையும் ஒரே பேக்ல திணிச்சு, ஜிப் ஓட்டைல சேஃப்டி பின் குத்திப் பூட்டுனோம். லேடீஸ் வெயிட்டிங் ரூம்லயே குளிச்சு, கிளம்பி, அம்மா உணவகம் தேடிப் போய் இட்லி சாப்பிட்டோம். இட்லி ஒரு ரூபா, 2013ல ஆரம்பிச்சப்ப இருந்த அதே வெலை. ஆளுக்கு ஆறு இட்லி. உங்க கட்டுரைல ‘பட்ஜெட் பிரேக்ஃபாஸ்ட்’ நூத்தம்பதுன்னு போட்டிருந்தீங்க, யாருக்குப் பட்ஜெட்னு தெரியல.

அங்க வேலை பாக்குறது எல்லாம் மகளிர் குழுப் பொம்பளைங்க. எங்க மூஞ்சியைப் பாத்து ஒரு அம்மா என்னன்னு கேட்டாங்க, சொன்னோம். அந்தம்மா இட்லித் தட்டு கழுவிக்கிட்டே சொன்னாங்க, “ஏம்மா, சுத்திப் பாக்க வந்தோம்னா யாரு குடுப்பா? சென்ட்ரல் பக்கம் போங்க, ஜி.எச்ல ஆளு படுத்திருக்குன்னு சொல்லுங்க, உடனே குடுத்துருவாங்க.”

நாங்க அப்ப அதைச் சிரிச்சிட்டு விட்டுட்டோம். ராத்திரிக்குப் பாத்துக்கலாம்னு மியூசியம் கிளம்பிட்டோம்.

எழும்பூர் மியூசியம் 1851ல ஆரம்பிச்சதாம், வெள்ளிக்கிழமை லீவு, அதனால வெள்ளிக்கிழமை லீவு போட்டுப் போறவங்க ஞாபகம் வெச்சுக்கோங்க. அங்க செப்புச் சிலை இருக்குற கட்டடத்துல திருவாலங்காட்டு நடராஜரைப் பாத்தோம். நடராஜர் படத்தை நான் எத்தனை காலண்டர்ல வெச்சிருப்பேன்னு கணக்கே இல்ல, பேக்ரவுண்டை வெட்டி, ஓரத்துல மளிகைக் கடை பேரு போட்டு, கீழ போன் நம்பர் போட்டு. நேர்ல நின்னப்ப தான் தெரியுது, அந்த ஆள் ஆடிட்டு இருக்காரு சார், நாங்க இத்தனை வருஷமா அவரை நிப்பாட்டி வெச்சிருக்கோம். அக்கா அரை மணி நேரம் அங்கயே உக்காந்துட்டாங்க. அதே காம்பவுண்டுல தான் கன்னிமாரா லைப்ரரி, 1896ல தொறந்தது. இந்தியாவுல பதிப்பிக்கிற புஸ்தகம் ஒவ்வொண்ணும் ஒரு காப்பி அங்க வரணும்னு 1954ல சட்டம் போட்டிருக்காங்க, இந்த மாதிரி நாட்டுல மொத்தம் நாலு லைப்ரரி தான், கல்கத்தா, பம்பாய், டெல்லி, இது. “அப்ப நான் தைச்ச புஸ்தகமும் உள்ள இருக்கும்ல?” ன்னு அக்கா கேட்டாங்க. இருக்கும்க்கா, கண்டிப்பா இருக்கும்.

மத்தியானம் தான் கஷ்டம். ரூம் இல்லாதவனுக்கு ஊர்ல மத்தியானம் ஒரு மணியிலருந்து நாலு மணி வரைக்கும் எடமே கிடையாது, கோயில் நடை சாத்திருவாங்க, பீச்ல மண்ணு கொதிக்கும், ஹோட்டல்ல சாப்பிட்டதும் எந்திரிக்கச் சொல்லுவாங்க. எங்களுக்குக் கை குடுத்தது கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். மெட்ரோவைப் பாக்கணும்னு ஆசை, எழும்பூர்லருந்து சென்ட்ரல் ஒரே ஸ்டேஷன் பத்து ரூபா, அதுல போய் அங்கருந்து நடந்து பூங்கா நகர்ல பறக்கும் ரயில் ஏறுனோம். பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டி மேலயே போகுது, ஜன்னல்ல இருந்து பாத்தா மொட்டை மாடிகளா வருது, துணி காயுது, ஸ்டேடியம் வருது, ரயில்ல பாதி சீட்டு காலி. லைப்ரரி 2010ல கட்டுனது, ஒன்பது தளம், ஏசி, சுத்தமான பாத்ரூம், காசு கிடையாது. டீச்சர் பிள்ளைங்க செக்ஷன்ல புகுந்துட்டா. தையல்காரி ஒரு தையல் டிசைன் புஸ்தகத்தைத் தொறந்து வெச்சுக்கிட்டே தூங்குனா, அதைச் சொல்லக் கூடாதுன்னு சொல்லிருக்கா.

சாயங்காலம் பெசன்ட் நகர் பீச். அந்த வெள்ளை வளைவு இருக்குல்ல, 1930ல கடல்ல முங்குனவங்களைக் காப்பாத்தப் போய்ச் செத்துப் போன ஒரு டென்மார்க் மாலுமிக்குக் கட்டுனதாம். எல்லாரும் அதுக்கு முன்னாடி செல்ஃபி எடுக்குறாங்க, நாங்களும் எடுத்தோம்.

இந்த எடத்துல பஸ்ஸைப் பத்திச் சொல்லணும். சாதா கட்டணப் பஸ்ல பொம்பளைங்களுக்கு 2021 மே மாசத்துலருந்து டிக்கெட் கிடையாது, மெட்ராஸ்ல அந்தப் பஸ்ஸுக்கு முன்னாடி பின்னாடி பிங்க் கலர் அடிச்சிருப்பாங்க, சட்டுனு கண்டுபிடிச்சிரலாம், சொகுசுப் பஸ்ல ஏறுனா தான் காசு. ரெண்டு நாள்ல நாங்க ஒன்பது பஸ் ஏறிருப்போம், செலவு சைபர். கண்டக்டர் காசு கேக்காத டிக்கெட்டைக் கிழிச்சுக் குடுத்தாரு, எதுக்கு வந்தீங்க, கூட யாரு, ஜென்ட்ஸ் எங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல. ஊர் முழுக்க ஃப்ரீயா சுத்தலாம், ராத்திரி தலை சாய்க்கத் தான் காரணம் சொல்லணும்.

எட்டு மணிக்கு மேல வேற வழி இல்ல. பேக்கை எடுத்துக்கிட்டு சென்ட்ரல் பக்கம் ஒரு சின்ன லாட்ஜுக்குள்ள நுழைஞ்சோம். வயசானவரு ஒருத்தரு உக்காந்திருந்தாரு. டீச்சர் வாயைத் தொறக்குறதுக்கு முன்னாடியே அவரே கேட்டாரு, “ஆஸ்பத்திரிக்காம்மா?” ஸ்கூல்ல பொய் சொல்லக் கூடாதுன்னு பாடம் நடத்துறவ, “ஆமாங்க, மாமியாருக்கு”ன்னுட்டா. எந்த வார்டுன்னாரு. ஹார்ட்டுன்னா. ஆயிரத்து அறநூறு ரூபாய்க்கு டபுள் ரூம், கூட ரெண்டு மெத்தை எக்ஸ்ட்ரா, சாவி கைல வந்துருச்சு. ஜென்ட்ஸ் யாருன்னும் கேக்கல ஒண்ணும் கேக்கல. அதுக்கு மேல ஒரு ஃப்ளாஸ்க்ல வெந்நீர் குடுத்துவிட்டாரு, “கவலைப்படாதீங்கம்மா, இங்க நல்ல டாக்டருங்க”ன்னு. ரூமுக்குப் போய் கதவைச் சாத்திட்டு மூணு பேரும் வயித்தைப் பிடிச்சுச் சிரிச்சோம், டீச்சர் மட்டும் அழுதுட்டா. மாமியார் அந்த நேரம் பாத்து போன் பண்ணி, சின்னவன் சாப்பிட்டான்னு சொல்றாங்க.

மறுநாள் காலைல மெரினா. உழைப்பாளர் சிலைக்கிட்ட நின்னோம், 1959ல வெச்சது, நாலு பேரு பாறையை நெம்புறாங்க. அக்கா சுத்திச் சுத்தி வந்துட்டு, “இதுல ஒரு பொம்பளை இல்லையே”ன்னாங்க. தெக்க கொஞ்ச தூரம் நடந்தா கண்ணகி தனியா நிக்கா. 1968ல உலகத் தமிழ் மாநாட்டுக்கு வெச்ச சிலை, 2001ல எடுத்துட்டு 2006ல மறுபடி கொண்டு வந்து வெச்சாங்க. அவளுக்கே எடம் குடுக்க அஞ்சு வருஷம் ஆகிருக்கு, நமக்கு ஒரு நாள் தானேன்னு தையல்காரி சொன்னா. லைட் ஹவுஸ்ல லிஃப்ட் இருக்கு, மேல போய் கடலைப் பாருங்க, திங்கக்கிழமை மட்டும் போகாதீங்க. டிபன் சாப்பிடத் திருவல்லிக்கேணிக்குள்ள நடந்தப்ப தெருவுக்குத் தெரு மேன்ஷன். வேலை தேடி வந்தவன், சினிமாவுக்கு வந்தவன், ஐஏஎஸ் படிக்க வந்தவன்னு எத்தனை தலைமுறை ஆம்பளைங்க அங்க கட்டில் வாடகைக்குப் படுத்துப் பெரிய ஆளாகிருக்காங்க. பொம்பளைக்கு அப்படி ஒரு தெரு இந்த ஊர்ல எங்க இருக்குன்னு யோசிச்சேன். மயிலாப்பூர் கபாலீஸ்வரர், தி.நகர் ரங்கநாதன் தெரு இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சது, அதை எழுதல. ராத்திரி ரயிலைப் பிடிச்சிட்டோம்.

கணக்கு வேணும்னா இதான்: ரயில் 740, ரூம் 400, சாப்பாடு 350, லாட்ஜ் லாட்ஜா அலைஞ்ச ஆட்டோ 70, பூட்டு க்ளோக் ரூம் மெட்ரோ நுழைவுச்சீட்டு எல்லாம் சேத்து 110. மொத்தம் 1,670. தி.நகர்ல வாங்குனது இதுல வராது, அது அவங்கவங்க வீட்டுக்காரருக்கும் தெரியாது.

ஐயா, நீங்க பெரிய பத்திரிகை, நீங்க எழுதுனா சுற்றுலாத் துறை படிக்கும். லாட்ஜ்ல பொம்பளைங்க மட்டும் வந்தா குடுக்க மாட்டோம்னா அதை புக்கிங் வாங்குறப்பவே சொல்லணும், காலைல ஏழு மணிக்கு பேக்கோட நிக்குறப்ப சொல்லக் கூடாது. வேலைக்குப் போற பெண்களுக்குன்னு அரசாங்கம் தோழி விடுதி கட்டிருக்கு, நல்ல விஷயம், அதுல எழும்பூர், சென்ட்ரல் நடந்து போற தூரத்துல ஒண்ணு கட்டி, சனி ஞாயிறு வெளியூர்ல இருந்து வர்றவங்களுக்குப் பத்துக் கட்டில் ஒதுக்குனா போதும். ஒரு கட்டிலுக்கு நானூறு ரூபா குடுக்க நாங்க ரெடி, இலவசம் கேக்கல. அடுத்த தடவை சென்னைக் கட்டுரை போடும்போது ஹோட்டல் பேரு பக்கத்துல ஸ்டார் எத்தனைன்னு போடுறீங்கல்ல, பெண்கள் மட்டும் வந்தா ரூம் உண்டா இல்லையான்னு ஒரு வரி சேத்துப் போடுங்க.

வர்ற ஜனவரில நந்தனம் ஒய்எம்சிஏ கிரவுண்டு புத்தகக் காட்சிக்குப் போகலாம்னு முடிவு பண்ணிருக்கோம். டீச்சரோட மாமியார் கிட்ட நடந்ததை ஒரு வழியா சொல்லிட்டோம், திட்டுவாங்கன்னு பாத்தா, “என்னைய ஆஸ்பத்திரில படுக்க வெச்சுட்டு நீங்க மட்டும் கடலைப் பாத்தீங்களா, அடுத்த தடவை நானும் வர்றேன்”னு பையைத் தைக்கக் குடுத்துட்டாங்க. இப்ப நாங்க அஞ்சு பேரு. அதே லாட்ஜுக்குப் போகலாம்னா அந்தப் பெரியவரு ஹார்ட் பேஷண்ட் மாடிப்படி ஏறி வர்றதைப் பாத்துருவாரு, அதான் யோசனையா இருக்கு.

இப்படிக்கு,
ஒரு அச்சக ஊழியர்,
சிவகாசி.