நடவு அக்காமார்களுக்கும் மற்றவர்களுக்கும்

அன்புடையீர், வணக்கம்.

ஆசிரியர் தினத்தன்று பல்கலைக்கழகம் எனக்குச் சிறந்த ஆய்வாளர், ஆசிரியர் விருது அளித்தது. வாழ்த்தியவர்கள் எல்லோருக்கும் நன்றி. மேடையில் ஏற்புரைக்கு இரண்டே நிமிடம். துணைவேந்தர், பதிவாளர், புல முதல்வர் என்று விளித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. அங்கே சொல்லாமல் விட்டவர்களுக்குத்தான் இந்த மடல்.

என் வேலை வெள்ளம் தாங்கும் நெல்லில். டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மழையில் சம்பா முழுதாக மூழ்கினால் சாதாரண ரகங்கள் ஒரு வாரத்திலேயே அழுகத் தொடங்கும். ஒடிசாவின் பழைய நெல் வழியாக வந்த சப்1 மரபணு இருந்தால் இரண்டு வாரம் வரை தாக்குப்பிடிக்கும். அந்த மரபணு உள்ள சி.ஆர்.1009 சப்1 ரகத்தைப் பயிரிட்டவர்களுக்கு இது தெரியும். அந்தப் பயிர் தண்ணீருக்கு மேலே தலைநீட்ட அவசரப்படாது. வளர்ச்சியை நிறுத்தி, இருக்கும் மாவுச்சத்தைச் சிக்கனமாக வைத்துக்கொண்டு கிடக்கும்.

வகுப்பில் இதைச் சொல்வது சுலபம். வயலில் முதல் இரண்டு பருவமும் என் கணக்கு உதைத்தது. ஒரே ரகம், ஒரே ஆழம், ஒரே நாள்கள். ஒரு பாத்தி பிழைத்தது, பக்கத்துப் பாத்தி செத்தது. விதையைச் சந்தேகப்பட்டேன். மாணவர்களையும்தான் (மன்னித்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளே). நடவுக்கு வந்த பெரியக்கா வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "சார், அந்தப் பக்கம் வாய்க்கா மடை. கலங்கத் தண்ணி. தோகையில சேறு படிஞ்சா பயிரு எப்படி மூச்சு விடும்?" என்றார். கலங்கல் நீருக்குள் வெளிச்சம் இறங்காது என்று படித்தவன்தான் நான். வயலில் நிற்கையில் அது தோன்றவில்லை. அடுத்த பருவம் கலங்கலையும் அளந்தோம். விருதுக்குக் காட்டிய கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது. அதன் நன்றிக் குறிப்பிலோ "வயல் பணியாளர்கள்" என்று ஒரு வரியோடு முடித்திருந்தேன். பெரியக்கா, அது போதாது.

இரண்டு ரகங்களைக் கலக்க ஒட்டுக்கட்டும் அண்ணனுக்கு நன்றி. நெல்லின் ஒரு பூவில் ஆறு மகரந்தப்பைகள். தன் மகரந்தமே சேர்ந்துவிடாதபடி, வெயில் ஏறிப் பூ விரிவதற்குள் ஆறையும் இடுக்கியால் எடுத்தாக வேண்டும். ஐம்பது பூ முடிவதற்குள் எனக்குக் கை நடுங்கிவிடும். அண்ணன் சளைக்காமல் செய்வார். இன்னும் தினக்கூலிதான். விருது அறிவித்தபோது முதலில் உறுத்தியது அதுதான்.

பள்ளக்கால் நிலத்தைச் சோதனைக்குக் கொடுத்த அய்யாவுக்கும் நன்றி. "மூழ்குற நெலமா பாத்துக் கேக்குற மொத ஆளு நீங்கதான்" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

ஆசிரியர் என்ற பாதிக்கு மாணவர்களே பொறுப்பு. "சார் கரும்பலகையிடம் பேசுகிறார்" என்று மதிப்பீட்டுத் தாளில் எழுதியவர் யாரென்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. திரும்பி நின்று பேசப் பழகியது அவரால்தான்.

பெரியக்கா, திங்கட்கிழமை நாற்றுப் பறிப்பு. மடைப் பக்கப் பாத்தியை நீங்கள் சொன்னபடியே பிரித்திருக்கிறேன். வந்து பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் நெல்லு சார்